கத்திரிக்காய்க்குச் சீட்டு கட்டிய அரசப்பன்

என் அக்கா லட்சுமியம்மாளைப் பெண் பார்க்க வந்த அன்று அரசப்பன் மாமா, கையில் வாழைக்காய் பஜ்ஜியை வைத்துக்கொண்டே, "எனக்கு மூல வியாதி கீது. இப்பவே சொல்லிட்றேன். அப்பால யாரும் தெரியாதுன்னு சொல்லக் கூடாது" என்றார். எங்கள் அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா சமையலறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். சிரிப்பை அடக்க முடியாமல் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். அக்கா மட்டும் உள்ளிருந்தபடியே சம்மதம் சொல்லியனுப்பினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று பின்னால் கேட்டதற்கு, "இதையே சொல்றவன் வேற இன்னாத்த மறைக்கப் போறான்" என்றாள். சரி, அவள் தலையெழுத்து. என் தலையெழுத்தும் அன்றைக்கே அதோடு சேர்ந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊர் திருவாலங்காடு. மாமாவுக்கு அங்கே ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலமும் மேட்டில் ஒரு கத்திரித் தோட்டமும் உண்டு. நான், வீரராகவன், காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேபிள் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். புதுச் சட்டை வாங்கினால் காலரில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்குமே, அதை வெட்டி ஓட்டை போடுவது என் வேலை. இந்த வேலை எனக்கு இருந்ததுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

மாமாவை ஊரில் நல்லவர் என்பார்கள். சொல்வது சுலபம், கூட இருந்து பார்க்க வேண்டும். பசுவை விற்கச் சந்தைக்கு ஓட்டிப் போனால், வாங்க வந்தவனிடம், "ஒதைக்கும். ரெண்டு காம்புலதான் பாலு வரும். நாலு பேரைக் கேட்டுக்கினு அப்பால வாங்கு" என்பார். அந்தப் பசு கடைசிவரை அவர் கொட்டகையிலேயே நின்று கிழடாகிச் செத்தது. சைக்கிளை விற்கும்போது மட்கார்டில் சாக்பீஸால் 'பிரேக் பிடிக்காது' என்று எழுதி நிறுத்தினார். வாங்கியவன் அதைத் துடைத்துவிட்டு அடுத்த தெருவில் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டான். உண்மை பேசட்டும், யார் வேண்டாம் என்றது? கேட்காதவனைக் கூப்பிட்டு நிறுத்தி உண்மை பேசினால் மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

இப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு விஷயம் மட்டும் மூடிக் கிடந்தது. ஒரே மகள் பூமிகா, மாமாவும் அக்காவும் பெற்ற பெண் இல்லை. கல்யாணமாகி வெகு காலம் குழந்தையில்லாமல் இருந்தபோது மாமா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். பக்கத்து வீட்டு கிரேஸ் என்கிற நர்ஸ்தான், பேர் ஊர் தெரியாத ஒரு தாய் பிரசவத்தில் இறந்துபோய் யாரும் கேட்டு வராத ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று வந்து சொன்னவள். முறைப்படி எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு ஊருக்குத் திரும்பினார்கள். வெளியூரில் பிறந்த பிள்ளை என்று ஊர் நினைத்துக்கொண்டது. அக்கா அப்படியே இருக்கட்டும் என்றாள்.

மாமாவுக்கு அது தொண்டையில் முள்ளாகவே இருந்தது. பூமிகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவளை மடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பூமிகா அழவுமில்லை, ஒன்றுமில்லை. "அப்ப நீ என் நைனா இல்லியா?" என்று கேட்டாள். "நைனாதான். ஆனா பெக்கல" என்றார். "சரி, அப்ப முறுக்கு வாங்கிக் குடு" என்றாளாம். அதோடு விஷயம் எங்கள் வீட்டு ஆட்களுக்குள் நின்றது.

இனி கத்திரிக்காய்க்கு வருகிறேன்.

2009-ஆம் வருஷம், ஐப்பசி. பூமிகா வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மரபணு மாற்றிய கத்திரிக்காய் வரப்போகிறது என்று பேப்பர், டிவி எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. மண்ணில் இருக்கிற ஏதோ ஒரு கிருமியின் சங்கதியை எடுத்துக் காய்க்குள் வைத்துவிடுவார்களாம், தின்கிற புழு செத்துப்போகுமாம். புழு செத்தால் நமக்கு என்ன ஆகும் என்று ஒரு கட்சி. ஒன்றும் ஆகாது, மருந்தடிக்கிற செலவு மிச்சம் என்று இன்னொரு கட்சி. திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நுகர்வோர் சங்கத்துக்காரர்கள் இதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். டீயும் சமோசாவும் உண்டு என்று கேள்விப்பட்டு நான் போனேன். மாமா உண்மையைத் தெரிந்துகொள்ள வந்தார்.

மேடையில் ஒரு பேராசிரியர், "சாப்பிடுகிறவனுக்குத் தான் எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியும் உரிமை இருக்கிறது. லேபிள் ஒட்டாமல் விற்கக் கூடாது" என்றார். கைதட்டல். இன்னொருவர், கோட்டு போட்டவர், எழுந்து மைக்கைப் பிடித்தார். "பாக்கெட்டில் வருகிற பிஸ்கட்டுக்கு ஒட்டலாம். கூடையில் குவித்து விற்கிற கத்திரிக்காய்க்கு எப்படி ஐயா ஒட்டுவீர்கள்? ஒவ்வொரு காய்க்கும் நூல் கட்டிச் சீட்டுத் தொங்க விடுவீர்களா?" மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாமா எழுந்து நின்றார். "ஏன், கட்டினா இன்னா?"

அதற்கும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது என் பக்கம் திரும்பி, "வீரா, உங்க கம்பெனில வெட்டிப் போட்ட அட்டை மிச்சம் கெடக்குமில்ல?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டேஷன் வந்ததும் தட்டி எழுப்பி மறுபடி அதையே கேட்டார்.

முதலாளியிடம் கெஞ்சிக் கழிவு அட்டையில் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு போனேன். பூமிகா எழுதினாள், அக்கா ஓட்டையில் நூல் கோத்தாள், மாமா காம்பில் கட்டினார். 'இது நாட்டு ரகம். மரபணு மாற்றாதது. விளைத்தவன் அரசப்பன், திருவாலங்காடு.' ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மரபணு மாற்றிய கத்திரிக்காய் என்று ஒன்று அப்போது எந்தச் சந்தைக்கும் வந்திருக்கவில்லை. வரலாமா கூடாதா என்றுதான் பேச்சு. வராத காயிலிருந்து தன் காயைப் பிரித்துக் காட்ட ஒரு குடும்பமே உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தது.

திருவள்ளூர் தேரடி ஓரத்தில் கூடையை இறக்கினார். பக்கத்தில் வழக்கமாகக் காய் விற்கிற ரோசம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, கத்திரிக்கா எல்லாம் பள்ளிக்கூடம் போவுதா?" என்று கேட்டாள். கூட்டம் கூடியது, வேடிக்கை பார்த்தது, ஒருவரும் வாங்கவில்லை. ஒரு பென்ஷன்காரர் மட்டும் குனிந்து சீட்டைப் படித்துவிட்டு, "மாத்தலன்னு எப்படிய்யா நம்பறது?" என்று மடக்கினார்.

"அந்தக் காயில புழு இருக்காதாம். இதுல கீது. ஒடைச்சிப் பாரு" என்றார் மாமா.

உடைத்துப் பார்த்தார்கள். கொழுகொழு என்று ஒன்று நெளிந்தது. பென்ஷன்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அசல்" என்றார். அவ்வளவுதான், அரைக் கூடை அந்த இடத்திலேயே போயிற்று. மறுநாள் சீட்டில் ஒரு வரி கூடியிருந்தது: 'புழு உண்டு.'

அதற்குப் பிறகு நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. சனங்கள் ஓட்டை விழுந்த காயாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார்கள். பளபளவென்று இருக்கிற காயைத் தூக்கிப் பார்த்து, "இது கம்பெனி காய் மாரி கீதே" என்று கீழே போட்டார்கள். பக்கத்தில் ரோசம்மாளின் நல்ல காய் அப்படியே தேங்கிப்போனது. அவள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கோணி ஊசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாகக் குத்த ஆரம்பித்தாள். "உன்னால எனக்குத்தான் பேஜாரு. மருந்தடிச்சி நல்லாக் காச்ச காய்ல நானே ஓட்டை போட்றேன் பாரு" என்று மாமாவைத் திட்டிக்கொண்டே குத்தினாள்.

மாமாவுக்கும் நிம்மதி இல்லை. ஓர் ஆள் பையோடு திரும்பி வந்தார். "புழு உண்டுன்னு எழுதிக்கிறே. ஊட்ல எல்லாத்தையும் அறுத்துப் பாத்துட்டோம், ஒண்ணுத்துல கூட இல்ல. ஏமாத்தறியா?" மாமா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு வந்து 'புழு இருக்கலாம்' என்று மாற்றச் சொன்னார். அடுத்த நாள் அதற்கும் ஒருவன், "கலாம்னா இன்னா? கீதா இல்லியா, ஒண்ணு சொல்லு" என்று நின்றான்.

காக்களூர் கேட்டில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற ஹயாத் பாஷா மாமாவுக்குப் பழைய வாடிக்கை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அவர் கடையில் செய்கிற கத்திரிக்காய்க்கென்றே எஸ்டேட் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் சீட்டைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரசப்பா, இத்தினி வருஷம் உன் காயிதான் வாங்கறேன். நீ எழுதாம இருந்திருந்தா நானும் பாக்காம இருந்திருப்பேன். இப்ப எழுத்துல குடுத்துட்டே. ஒவ்வொண்ணா ரெண்டாப் பொளந்து பாத்துத்தான் நான் சட்டியில போடணும். இதுக்குன்னு ஆள் வெக்கட்டா?" என்றார்.

"பாய், தெரியாம சாப்பிடறது தப்பில்லியா?" என்றார் மாமா.

"தெரிஞ்சிக்கினா பசிக்க மாட்டேங்குதே நைனா" என்றார் பாய். ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஐப்பசி அமாவாசை வந்தது. வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு எங்கெங்கிருந்தோ சனம் வருகிற நாள். அன்றைக்கு எந்த வீட்டிலும் கவுச்சி கிடையாது. கூட்டத்தைச் சமாளிக்கப் பூமிகாவும் நானும் மாமாவோடு தேரடியில் நின்றோம். பொதட்டூர்பேட்டையிலிருந்து மணியம்மாள் என்று ஓர் அம்மா வந்திருந்தார். புருஷன் இல்லை, நாலு தறி வைத்துப் பிழைக்கிற குடும்பம், சுத்த சைவம். கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் மகன் அன்புராஜ். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் வேலை. அந்த அம்மா சீட்டை எட்டப் பிடித்துப் படித்தார்.

"ஏன்யா, புழு இருக்கலாம்னு போட்டுக்கிறியே, இது சைவமா, அசைவமா?"

இந்தக் கேள்வி மாமாவுக்குத் தோன்றியிருக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளியும் போடுகிற சட்டம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவர் பூமிகாவைத் திரும்பிப் பார்க்க, அவள் பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்து ஒரு சீட்டில் இரண்டு புள்ளியும் வைத்து நீட்டினாள். "காயி பச்சைங்க. புழு பழுப்பு" என்றாள்.

மணியம்மாள் ஒரு காயை அங்கேயே உடைத்தார். சீட்டில் சொன்னபடியே இருந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, பெருமாளைப் பார்த்தபோதுகூட அப்படி மலர்ந்திருக்காது. அதற்கு முந்திய தையில் அன்புராஜுக்கு ஓர் இடம் பேசி முடிக்கிற நேரத்தில், பெண் பி.ஏ. என்றது பொய், பன்னிரண்டாவதே தேறவில்லை என்று தெரிந்து தட்டைத் திருப்பியவர் அந்த அம்மா. படிப்பு குறைவு என்பதற்காக அல்ல, மறைத்தார்கள் என்பதற்காக. புழுவைப் பார்த்துக்கொண்டே, "கத்திரிக்காயிலயே இத்தினி நேர்மையா? இந்தப் பொண்ணு உம் பொண்ணாய்யா?" என்று கேட்டார்.

மாமா வாயைத் திறந்தார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். "ஆமாங்க, எங்க அக்கா பொண்ணு" என்று நானே சொல்லிவிட்டேன். அமாவாசையன்று காய் வாங்காமலே சம்பந்தம் பேசிவிட்டுப் போனார் அந்த அம்மா.

பூமிகாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவள் காக்களூரில் ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பிரிக்கிற வேலையில் இருந்தாள். சாயங்காலம் திருவள்ளூர் ஸ்டேஷனில் அவன் எப்படியோ எதிர்ப்பட்டுவிடுவான். கும்மிடிப்பூண்டி வேறு லைன், பொதட்டூர்பேட்டைக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும், இவனுக்குத் திருவள்ளூர் பிளாட்பாரத்தில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சீட்டு எழுதுவதைப் பார்த்தபோது எனக்கே மனசு குளிர்ந்தது. இந்த இடம் தவறிப்போனால் பிள்ளை உடைந்துபோவாள் என்று பயமாகவும் இருந்தது.

அக்காவுக்கு என்னைவிடப் பயம். மறைத்ததற்காகத் தட்டைத் திருப்பிய சம்பந்தியிடம் போய் இதை யார் சொல்வது? ஊரில் மூன்று பேருக்கு முன்னால் மாமாவை உட்கார வைத்துத் தன் தலைமேல் அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்று பேர் என்றால் நான், என் மனைவி, பூமிகா.

"கத்திரிக்காய்ல இன்னா வேணா எழுதிக்கோ. புழுவுக்குப் பேர்கூட வெச்சிக்கோ. பொண்ணு விஷயத்துல வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு."

"லட்சுமி, கட்டிக்கினு போறவங்களுக்குத் தெரிய வாணாவா?"

"பெத்தா பொண்ணு, பெக்காட்டி கத்திரிக்காயா? சத்தியம் பண்ணுய்யா."

பண்ணினார். பூமிகா எழுந்து போனாள். அன்றிலிருந்து மாமா பேச்சையே நிறுத்திவிட்டார். வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்று அவருக்கே பயம். தேரடியில் விலையைக் கைவிரலால் காட்டினார். பேரம் பேசினால் தலையை ஆட்டினார். ஊமையாகிவிட்டார் என்று நினைத்த ரோசம்மாள், தான் குத்திய ஊசியின் பாவம்தான் அவரைப் பிடித்தது என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். சோறு இறங்காமல் மாமாவின் கன்னம் ஒட்டிப்போயிற்று. அதுவரை அவர் மேல் எரிச்சல்பட்டே பழகிய எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கார்த்திகையில் நிச்சயதார்த்தம். மணியம்மாள், அன்புராஜ், அவன் பெரியப்பா பாக்கியராஜ், மற்ற உறவுகள் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்துத் தட்டுகளை வைத்தாயிற்று. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, புடவை. பூமிகா வந்து நமஸ்காரம் செய்து உட்கார்ந்தாள். தட்டு மாற்றக் கையை நீட்டிய மணியம்மாள் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆசையாகக் கேட்டார்.

"பொண்ணு யாரு ஜாடை? உங்க ரெண்டு பேர் ஜாடையும் இல்லியே."

எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்கிற கேள்வி. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அக்கா சட்டென்று, "எங்க மாமியாரு ஜாடை" என்றாள். மாமா எழுந்தார். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் சட்டையின் மேல் பொத்தானில், காம்பில் கட்டுகிற அதே முடிச்சுப் போட்டு, ஒரு சீட்டுத் தொங்கியது. வந்து மணியம்மாளுக்கு நேராக நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

"கண்ணாடி கொண்டாரல. இன்னா எழுதிக்கிது? நீ படிடா" என்றார் மணியம்மாள்.

அன்புராஜ் எழுந்து சீட்டைப் பிடித்துப் பார்த்தான். முதலில் மனசுக்குள் படித்தான். எல்லாரும் அவனையே பார்க்க, வேறு வழியில்லாமல் சத்தமாகப் படித்தான். "பூமிகாவை நான் பெறவில்லை. பெற்றவர் யார் என்று தெரியாது. வளர்த்தவன் அரசப்பன், திருவாலங்காடு."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு மாமாவை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் தள்ள வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அதே நேரம் அவர் காலில் விழவும் தோன்றியது. முதலில் வாயைத் திறந்தவர் பெரியப்பா பாக்கியராஜ்.

"இன்னா ஜாதின்னாவது தெரியுமா?"

மாமா இல்லை என்று தலையாட்டினார். பெரியப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நேராக வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மனுஷர் இன்று வரைக்கும் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் வந்ததில்லை.

மணியம்மாள் அசையவில்லை. "ஏன்யா, வாயால சொல்ல மாட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தாம்மா சத்தியம் வாங்கினேன். அது மேல ஒரு தப்பும் இல்ல" என்று அக்கா அழுதாள்.

அப்போது அன்புராஜ் தொண்டையைச் செருமினான். "அம்மா, எனக்குத் தெரியும். பூமிகா மொத வாரமே சொல்லிட்சி."

எல்லாரும் பூமிகாவைப் பார்த்தோம். அவள் தலைகுனிந்து உட்காரவில்லை. "கட்டிக்கப் போறவருக்குத் தெரியணும், சொல்லிட்டேன். ஸ்டேஷன்லயே சொல்லிட்டேன். ஊட்ல அம்மா பயந்துக்கினு கீது, நைனா ஊமையாயிட்ச்சி, இதுல நான் யாருகிட்ட இன்னான்னு சொல்றது?" என்றாள்.

இத்தனை நாள் ஒரு மனுஷர் சோறு தண்ணி இல்லாமல் தொண்டையில் அடக்கி வைத்தது, திருவள்ளூர் பிளாட்பாரத்தில் எப்போதோ பேசி முடிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மணியம்மாள் மகன் பக்கம் திரும்பினார். "பெத்தவ நானு. எனக்குச் சொல்லத் தோணல உனக்கு?"

"சொன்னா வாணான்னுடுவியோன்னு பயமா இருந்திச்சி."

அந்த அம்மா தட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமிகாவின் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. வெளியே வேன் டிரைவர் ஹாரன் அடித்தான், பெரியப்பா அடிக்கச் சொல்லியிருப்பார். மணியம்மாள் வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா வாணான்னுதான் சொல்லியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். பிறகு மாமாவை நிமிர்ந்து பார்த்தார். மாமா அந்தச் சீட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"சம்பந்தி, மொதல்ல அதை அவுத்துடுங்க. பொண்ணக் குடுக்கற அப்பன் மார்ல அதெல்லாம் தொங்கக் கூடாது."

மாமா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இழுத்த இழுப்பில் அது இன்னும் இறுகியது. பூமிகா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அவர் சட்டையைப் பற்றி, குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். மாமா ஓவென்று அழ ஆரம்பித்தார். அத்தனை பேர் பார்க்க, சத்தமாக, உடம்பெல்லாம் குலுங்க அழுதார்.

"ஆடாம நில்லு நைனா, நூலு பல்லுல சிக்குது" என்றாள் அவள்.